பாட்டைக் கைமாற்றிக் கொடுக்கும் முன்

ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊரில் சின்னதாக ஒரு ரெக்கார்டிங் அறை வைத்திருக்கிறேன். பாம்பன், கீழக்கரை, தேவிபட்டினம் பக்கத்துப் பிள்ளைகள் ஆல்பம் பாட்டு, குறும்பட இசை என்று வருவார்கள். பாட்டு அருமையாக அமைந்துவிடும். அப்புறம் வெளியூர்க் கம்பெனி ஒன்றிலிருந்து ஒப்பந்தம் வரும். வந்த சந்தோஷத்தில், படித்துப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுவார்கள். அதைத் தடுக்கத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில், ஒரு பாட்டில் யாருக்கு எது சொந்தம் என்று பிரித்துப் பாருங்கள். வரிகள் எழுதியவருக்கு, மெட்டு இசையமைத்தவருக்கு. பதிவான ஒலி, முன்கை எடுத்துப் பொறுப்பேற்றுத் தயாரித்தவருக்கு. என் அறையில் பதிவானது என்பதற்காக எனக்கு அதில் பங்கு கிடையாது, நான் வாங்குவது வாடகை. பாடியவருக்கு நிகழ்த்துநர் உரிமை தனியாக 50 ஆண்டுகள் உண்டு. ஆகவே மைக்கைத் திறப்பதற்கு முன்பே எல்லோரும் உட்கார்ந்து, யார் என்ன செய்தார்கள், பங்கு எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். கூட்டாளிகள்தானே என்று விட்டுவிடாதீர்கள். பாட்டு ஓடாதவரை யாரும் கேட்கமாட்டார்கள், ஓடிவிட்டால்தான் பேச்சு கிளம்பும்.

நம் கரைக்கே உரிய விஷயம் ஒன்று. கரைவலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டை எடுத்துப் புதுசாக இசை போட நிறையப் பேர் ஆசைப்படுகிறார்கள். தலைமுறைகளாக வாய்வழி வந்த அந்தப் பாட்டு தனியொருவர் சொத்து அல்ல, யாரும் எடுத்தாளலாம். ஆனால் கரையில் நின்று ஒரு பெரியவர் பாடியதை மொபைலில் பிடித்து அப்படியே சேர்த்தால் கதை வேறு. அந்தக் குரலுக்கான உரிமை அவருடையது. அவர் மொழியிலேயே விளக்கி, எழுத்தில் சம்மதம் வாங்கி, பேரைப் போட்டு, பணமும் கொடுங்கள். பாசி எடுக்கப் போகும் அக்காமார் பாடினாலும் இதேதான். அவர்கள் கேட்கமாட்டார்கள் என்பதாலேயே நாம் கொடுத்தாக வேண்டும்.

இனி ஒப்பந்தம். அநேகமாக ஒரே வாக்கியம்தான் திரும்பத் திரும்ப வரும்: 'நிரந்தரமாக, உலகம் முழுவதும், இன்றுள்ள, இனி வரப்போகிற எல்லா ஊடகங்களிலும்.' ஒவ்வொரு சொல்லும் காரணத்தோடுதான் இருக்கிறது. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, எவ்வளவு காலம் என்று எழுதாவிட்டால் எழுதிக் கொடுத்த உரிமை 5 ஆண்டுதான். எந்த இடத்துக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும்தான். கையெழுத்துப் போட்ட நாளில் இல்லாத ஊடகத்தைக் குறிப்பிட்டு எழுதாவிட்டால் அதற்குச் செல்லாது. சட்டம் நமக்கு விட்டுவைத்த இந்த மூன்றையும் அந்த ஒரே வாக்கியம் எடுத்துக்கொள்ளப் பார்க்கிறது. அதை அடித்துவிட்டு, 'இந்தப் பாட்டு, இன்ன இன்ன தளங்கள், 5 ஆண்டு' என்று மாற்றி அனுப்புங்கள். மறுப்பார்கள், பேசுங்கள். வாய்ப்பேச்சாகக் கொடுத்த உரிமை செல்லாது, எழுத்தும் கையெழுத்தும் வேண்டும் என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

'ராயல்டி (பாட்டைப் பயன்படுத்துவதற்கு வரும் பங்குப் பணம்) எதுவும் கோரமாட்டேன்' என்று ஒரு வரி இருந்தால் பயப்பட வேண்டாம். 1977ல் உச்ச நீதிமன்றம் படத் தயாரிப்பாளர் பக்கம் தீர்ப்புச் சொன்னபிறகு, பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் வெகுகாலம் வெறுங்கையோடு நின்றார்கள். 2012ஆம் ஆண்டுத் திருத்தம் அதை மாற்றியது. படம் தியேட்டரில் ஓடுவது தவிர மற்றப் பயன்பாடுகளில் வரும் ராயல்டியில், உரிமையை வாங்கியவரோடு சமபங்கு எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் உண்டு. அதை விட்டுக்கொடுத்து எழுதிக் கொடுத்தாலும் செல்லாது. அந்த ராயல்டியை வசூலித்துத் தர, பாடலாசிரியர்கள், இசையமைப்பாளர்களுக்காக 1969ல் தொடங்கிய ஐபிஆர்எஸ் அமைப்பு இருக்கிறது. உறுப்பினரானால் மட்டும் போதாது, ஒவ்வொரு பாட்டையும் பங்கு விவரத்தோடு பதிய வேண்டும்.

பேரும் அப்படித்தான். உரிமையை விற்றுவிட்டாலும் 'எழுதியது நான்' என்று சொல்லும் உரிமை போவதில்லை.

அரசுப் பதிவு கட்டாயமில்லை. எழுதிய நொடியிலேயே உரிமை வந்துவிடுகிறது. ஆனாலும் வழக்கு என்று வந்தால் சான்றிதழ் கைகொடுக்கும். ஆன்லைனில் விண்ணப்பிக்கலாம். வரிகளுக்கு 500 ரூபாய், மெட்டுக்கு 500, ஒலிப்பதிவுக்கு 2000. யாராவது ஆட்சேபிக்க 30 நாள் அவகாசம் விட்டு, அதற்குப் பிறகுதான் பரிசீலிப்பார்கள்.

உங்கள் பாட்டை வேறொருவர் தன்னுடையது என்று பதிந்துவிட்டால், நீங்கள் ஏற்றிய வீடியோ மீதே யூடியூப்பில் உரிமைகோரல் வந்து விழும். பதறி வீடியோவை அழித்துவிடாதீர்கள். 'யூடியூப் ஸ்டுடியோ' என்ற இணையப் பக்கத்தில் ஆட்சேபம் பதிவு செய்யுங்கள், பதில் சொல்ல எதிர்த்தரப்புக்கு 30 நாள். அப்போது தேவைப்படுபவை: முதன்முதலில் முணுமுணுத்து வாட்ஸப்பில் அனுப்பிய வாய்ஸ் நோட், அடித்துத் திருத்திய நோட்டுத் தாள், மிக்ஸ் செய்வதற்கு முந்தைய தனித்தனி டிராக்குகள். டிராக்குகளை என்னிடமிருந்து அன்றைக்கே வாங்கிக்கொண்டு போங்கள். இந்த உப்புக் காற்றில் ஹார்டு டிஸ்க்கை நம்ப முடியாது, இன்னொரு நகலை இணையச் சேமிப்பிலும் போட்டுவையுங்கள்.