கம்பெனிக்கு இன்டர்நெட் போன்: மாறலாமா என்று எப்படிப் பார்ப்பது?

திருப்பூரில் பனியன் கம்பெனி ஆபீஸ்களுக்கு போன் லைன், இன்டர்காம் போட்டுக் கொடுப்பது என் தொழில். இன்டர்நெட் போனுக்கு மாறலாமா என்று கேட்பவர்கள், எடுத்ததும் மாத வாடகை கொட்டேஷனைத்தான் நீட்டுவார்கள். அது இருக்கட்டும். முதலில் உங்கள் ஆபீஸ் நெட்டைப் பாருங்கள்.

குரலை நெட்டில் அனுப்பும் ஜி.711 என்ற முறையில் ஒரு அழைப்புக்குப் போக, வர நொடிக்குத் தலா 87 கிலோபிட் போல ஆகும். பத்துப் பேர் ஒன்றாகப் பேசினாலும் ஒரு எம்பிபிஎஸ் (நொடிக்கு ஆயிரம் கிலோபிட்) தாண்டாது. பிறகு ஏன் 100 எம்பிபிஎஸ் பைபரிலும் குரல் வெட்டுகிறது? குரல் போய்ச் சேரும் தாமதம் ஏறி இறங்குவதால்தான். மெர்ச்சண்டைசர் சாம்பிள் போட்டோக்களை பையருக்கு அனுப்ப ஆரம்பித்தால் போதும், பக்கத்து மேஜைக்காரர் "ஹலோ, ஹலோ" என்று கத்த வேண்டியதுதான்.

ஆபீஸ் பரபரப்பாக இருக்கும் நேரத்தில், சேவை தரப்போகிறவரின் சர்வருக்கு பிங் (போய்த் திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று காட்டும் கட்டளை) கொடுத்து கொஞ்ச நேரம் ஓடவிடுங்கள். 20, 22, 21 மில்லிசெகண்ட் என்று வந்தால் சரி. 20, 180, 35, நடுவில் 'ரிக்வெஸ்ட் டைம்டு அவுட்' (பதிலே வரவில்லை) என்று வந்தால், ரவுட்டரில் குரலுக்கு முன்னுரிமை வைத்துவிட்டு மறுபடி பாருங்கள். அப்படியும் சரியாகவில்லையா, மாற வேண்டாம். மேஜை போனுக்கு வைஃபை வேண்டாம், கேபிளே இழுங்கள். ஒருவர் பேசுவது மட்டும் கேட்டு மற்றவர் குரல் வராமல் போனால், ரவுட்டரில் 'எஸ்ஐபி ஏஎல்ஜி' என்ற, நெட் அழைப்புகளில் கைவைக்கும் செட்டிங்கை அணைத்துப் பாருங்கள். பெரும்பாலும் அதன் வேலைதான்.

அப்புறம் கரண்ட். பழைய செம்புக் கம்பி லைனுக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே மின்சாரம் வந்தது. இதில் போன், ஸ்விட்ச், ரவுட்டர் எல்லாமே யுபிஎஸ்ஸில் இருக்க வேண்டும். எல்லாரும் மறப்பது சுவரோரம் தனி பிளக்கில் தொங்கும், பைபர் கேபிள் வந்து சேரும் டப்பாவை. அது அணைந்தால் மற்றதெல்லாம் எரிந்தும் பயனில்லை.

வெளிநாட்டு அழைப்பை லோக்கல் அழைப்பாக்கித் தருகிறேன் என்று சிம் கார்டுகள் செருகிய பெட்டியோடு யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். அது சட்டவிரோதம், போலீஸ் கேஸ் ஆகும். உரிமம் உள்ள தொலைபேசி நிறுவனத்திடமே எஸ்ஐபி டிரங்க் (நெட் வழியாக வரும் கம்பெனி போன் லைன்) வாங்குங்கள். பில் புத்தகம் முழுக்க அச்சடித்த 0421 எண் கூடவே வருமா என்பதை எழுத்தில் கேளுங்கள். பதில் வரும்வரை பழைய லைனை சரண்டர் செய்யாதீர்கள்.

இரண்டே போன் உள்ள கடைக்கு இதெல்லாம் வீண் செலவு. ஆபீஸ் ஓரிடம், தையல் யூனிட் ஓரிடம், குடோன் ஓரிடம் என்று இருப்பவர்களுக்குத்தான் உண்மையான லாபம்: மூன்று இலக்கம் அழுத்தினால் அங்கே மணி அடிக்கும், உள் அழைப்புக்குக் காசில்லை. பழைய போன்களையும் தூக்கி எறிய வேண்டாம், ஏடிஏ அடாப்டர் (பழைய போனை நெட்டில் இணைக்கும் சின்னப் பெட்டி) போட்டால் ஓடும். ஃபேக்ஸ், லிப்டுக்குள் இருக்கும் அவசர போன் இரண்டையும் மட்டும் பழைய லைனிலேயே விட்டுவிடுங்கள்.