ஆன்டிபாடி ரிப்போர்ட்ட எப்படி படிக்கிறது, எத்தனை மாசம் தாங்கும்

கொரோனா வந்து போனப்புறம் லேப்ல ஆன்டிபாடி (வைரஸ எதிர்க்க உடம்பு தயாரிக்கிற புரதம்) டெஸ்ட் எடுத்துட்டு, ரிப்போர்ட்ல 240னு ஒரு நம்பர பாத்துட்டு "இது இன்னும் எத்தனை மாசத்துக்கு வரும்"னு கேக்குறவங்க இன்னும் இருக்காங்க. மொபைல் ரீசார்ஜ் மாதிரி இந்த தேதியோட முடியுதுன்னு யாராலயும் சொல்ல முடியாது, ஆனா ரிப்போர்ட்ட ஒழுங்கா படிச்சா ஓரளவு கணக்கு போடலாம்.

மொதல்ல எந்த ஆன்டிபாடினு பாருங்க. ஐஜிஎம்னு போட்டிருந்தா அது முன்னாடியே ஓடிவந்து, பெரும்பாலும் ரெண்டு மூணு மாசத்துல காணாம போற ஆளு, அத வச்சு எதிர்ப்புசக்தி கணக்கே போடாதீங்க. ஐஜிஜி தான் நமக்கு வேணும், தொற்று வந்து ரெண்டு வாரம் வாக்குல நல்லா ஏறி மாசக்கணக்குல நிக்கும். அதனால காய்ச்சல் வந்த நாலாம் நாளே போய் டெஸ்ட் எடுத்துட்டு நெகட்டிவ்னு புலம்புறதுல அர்த்தமில்ல.

அடுத்தது எதுக்கு எதிரான ஆன்டிபாடின்னு பாக்கணும், நிறைய பேர் கோட்டை விடுறது இங்கதான். ஸ்பைக்னு (வைரஸ் மேல முள்ளு மாதிரி நிக்கிற புரதம்) இருந்தா தடுப்பூசியாலயும் வந்திருக்கலாம், தொற்றாலயும் வந்திருக்கலாம். நியூக்ளியோகாப்சிட்னு (வைரஸுக்கு உள்ள இருக்குற புரதம்) இருந்து, நீங்க போட்டது கோவிஷீல்டு மட்டும்னா, அது தொற்றால வந்ததுதான், ஏன்னா அந்த ஊசி ஸ்பைக்க மட்டும்தான் உடம்புக்கு காட்டும். கோவாக்சின் போட்டவங்களுக்கு இந்த கணக்கு ஒத்துவராது, அதுல செயலிழக்க வச்ச முழு வைரஸே இருக்கு.

இப்ப அந்த 240க்கு வருவோம். அபாட் கம்பெனி டெஸ்ட் கிட்ல ஸ்பைக் ஐஜிஜி 50க்கு மேல போனாலே பாசிட்டிவ், ரோஷ் கம்பெனி கிட்ல 0.8 தாண்டினாலே பாசிட்டிவ், அப்ப ஒரே ரத்தத்த ரெண்டு லேப்ல குடுத்தா ரெண்டு நம்பர் வரத்தான் செய்யும். இதுக்காகத்தான் உலக சுகாதார அமைப்பு 2020 டிசம்பர்ல பிஏயுனு ஒரு பொது அளவு கொண்டு வந்துச்சு. அபாட் நம்பர 0.142ஆல பெருக்குனா பிஏயு கிடைக்கும், அதாவது 240ங்கிறது வெறும் 34 தான், ரோஷ்ல அதே 240 ஏறக்குறைய 240 பிஏயுவேதான். அதனால பக்கத்து வீட்டுக்காரர் நம்பரோட உங்க நம்பர ஒப்பிடாதீங்க, உங்க பழைய ரிப்போர்ட்டோட ஒப்பிடணும்னாலும் அதே கிட்டானு பாத்துக்கோங்க.

சரி, எவ்ளோ நாள்? நியூயார்க் மவுன்ட் சினாய்ல 30,000க்கும் மேற்பட்ட பாசிட்டிவ் ஆளுங்கள வச்சு பாத்தப்ப குறைஞ்சது 5 மாசம் பெருசா இறங்கல. முதல் சில மாசத்துல ஒரு சரிவு வரும், அது சகஜம், ஏன்னா சண்டை நேரத்துல அவசரத்துக்கு ஆன்டிபாடி தயாரிச்ச செல்கள் வேலை முடிஞ்சதும் செத்துரும், அப்புறம் சரிவு மெதுவாயிரும். மிச்சம் கொஞ்ச செல்கள் எலும்பு மஜ்ஜைக்குள்ள போய் உக்காந்துக்கும். இத செயின்ட் லூயிஸ்ல வாஷிங்டன் யுனிவர்சிட்டி ஆளுங்க, லேசா கொரோனா வந்து போனவங்களோட இடுப்பெலும்புல ஊசிய விட்டு மஜ்ஜைய எடுத்தே பாத்துட்டாங்க, 7 மாசம் கழிச்சும் அந்த செல்கள் இருந்துச்சு, 11 மாசம் கழிச்சு திரும்ப எடுத்தவங்ககிட்டயும் இருந்துச்சு. போதாததுக்கு வைரஸ ஞாபகம் வச்சுக்குற மெமரி பி செல், டி செல்னு ஒரு கூட்டமே இருக்கு, அது எதுவும் உங்க ரிப்போர்ட்ல வராது. அதனாலதான் அமெரிக்காவோட மருந்து கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவே 2021 மே மாசம், தடுப்பூசி போட்டவங்க எதிர்ப்புசக்திய தெரிஞ்சுக்க இந்த டெஸ்ட்ட பயன்படுத்தாதீங்கன்னு சொல்லிச்சு.

இதுல மண்ணள்ளி போட்டது ஒமிக்ரான். 2023ல லான்செட்ங்கிற மருத்துவ இதழ்ல 65 ஆய்வுகள ஒண்ணா சேத்து ஒரு கணக்கு போட்டாங்க, ஏற்கெனவே தொற்று வந்தவங்களுக்கு டெல்டா வரைக்கும் இருந்த வகைகள் திரும்ப தொத்தாம தடுக்குற பாதுகாப்பு 40 வாரத்துலயும் 78.6 சதவீதம் இருந்துச்சு, ஒமிக்ரான் பிஏ.1 கிட்ட அது 36.1க்கு விழுந்துருச்சு. ஆனா ஆஸ்பத்திரி வரைக்கும் கொண்டுபோற தீவிர நோய்க்கு எதிரா அதே 40 வாரத்துல 88.9 சதவீதம். இந்த ரெண்டையும் போட்டு குழப்பிக்கிட்டுதான் "எதிர்ப்புசக்தி போயிடுச்சு"னு வாட்ஸ்அப்ல பரப்புறாங்க. சளி குடுக்குற பழைய நாலு கொரோனாவுமே இந்த கதைதான், ஆம்ஸ்டர்டாம்ல 10 ஆம்பளைங்க ரத்தத்த பல வருஷம் பாத்ததுல 12 மாசம் ஆனா திரும்ப வர்றது சாதாரணமா இருந்துச்சு.

ஆக, ஆரோக்கியமா இருக்குறவங்க மாசாமாசம் காசு கொடுத்து டெஸ்ட் எடுக்குறது வேஸ்ட். கிட்னி மாத்தினவங்க, எதிர்ப்புசக்திய அடக்குற ரிட்டுக்சிமாப் மாதிரி மருந்து எடுக்குறவங்களுக்கு ஊசி போட்டும் ஆன்டிபாடி சரியா வராம போகலாம், அவங்க டாக்டர் சொன்னா மட்டும் எடுக்கட்டும். போகும்போது கொரோனா வந்த தேதி, ஊசி பேரு, போட்ட தேதி, பழைய ரிப்போர்ட்ல இருக்க கிட் பேரு எல்லாம் ஒரு பேப்பர்ல எழுதி எடுத்துட்டு போங்க, வெறும் நம்பர மட்டும் நீட்டுனா டாக்டராலயும் ஒண்ணும் சொல்ல முடியாது.