ஆன்டிபயாட்டிக் எழுதித் தந்திருக்கிறார்களா? சாப்பிடும் முறை இதோ

மருந்துச்சீட்டில் "மூன்று வேளை" என்று இருந்தால் காலை, மதியம், இரவு சாப்பாட்டோடு சேர்த்து விழுங்கிவிடுவதுதான் பலருடைய வழக்கம். ஆன்டிபயாட்டிக்கைப் பொறுத்தவரை எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை, எதோடு சேர்த்து என்ற இரண்டையும் டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது அவசியம்.

படி 1: டாக்டரிடம் சொல்ல வேண்டியவை

முன்பு ஏதாவது மருந்து சாப்பிட்டுத் தடிப்பு, முகவீக்கம், மூச்சுத்திணறல் வந்திருந்தால் மறக்காமல் சொல்லுங்கள். பெனிசிலின் அலர்ஜி உள்ளவருக்கு அமாக்சிசிலினும் ஆபத்துதான், இரண்டும் ஒரே குடும்பம். கர்ப்பம், தாய்ப்பால் கொடுப்பது, சிறுநீரக அல்லது கல்லீரல் பிரச்சினை, ஏற்கெனவே சாப்பிடும் மருந்துகள் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். குறிப்பாக ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள். பல ஆன்டிபயாட்டிக்குகள் அதன் வீரியத்தைக் கூட்டி, ரத்தக்கசிவு வரை கொண்டுபோய்விடும்.

"இது பாக்டீரியாவால் வந்ததா?" என்றும் கேளுங்கள், தயங்க வேண்டாம். சாதாரண சளி, ஃப்ளூ எல்லாம் வைரஸால் வருபவை. அவற்றுக்கு ஆன்டிபயாட்டிக் வேலை செய்யாது.

படி 2: கடிகாரத்தைப் பார்த்து நேரம் குறியுங்கள்

மூன்று வேளை என்றால் ஏறக்குறைய 8 மணி நேரத்துக்கு ஒருமுறை, இரண்டு வேளை என்றால் 12 மணி நேரத்துக்கு ஒருமுறை. காலை 8, மதியம் 1, இரவு 8 என்று சாப்பிட்டால் பகலில் 5 மணி நேர இடைவெளி, இரவில் 12 மணி நேரம். அமாக்சிசிலின் போன்ற மருந்தின் அளவு ரத்தத்தில் சுமார் ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். அதனால் அந்த நீண்ட இரவு இடைவெளியில் கிருமிக்கு மூச்சுவிட நேரம் கிடைத்துவிடுகிறது. காலை 6, மதியம் 2, இரவு 10 என்று வைத்துக்கொண்டால் தூக்கமும் கெடாது.

அசித்ரோமைசின் இதற்கு நேர் எதிர். உடம்பில் நாட்கணக்கில் தங்குவதால் ஒரு நாளைக்கு ஒன்று போதும், பெரும்பாலும் 3 முதல் 5 நாளில் முடிந்துவிடும். அடுத்தவருக்குக் கொடுத்த கணக்கை உங்கள் மருந்தோடு ஒப்பிடாதீர்கள்.

படி 3: எதோடு சாப்பிடலாம், எதோடு கூடாது

சாதாரணத் தண்ணீர்தான் பாதுகாப்பானது. பால், தயிர், கால்சியம், இரும்புச்சத்து மாத்திரை, அசிடிட்டி மருந்து இவையெல்லாம் சிப்ரோஃப்ளாக்சசின், டெட்ராசைக்ளின் ஆகியவற்றோடு வயிற்றிலேயே ஒட்டிக்கொள்ளும். மருந்தில் ஒரு பகுதி ரத்தத்துக்குப் போகாமலே வெளியேறிவிடும். சிப்ரோஃப்ளாக்சசினை இரும்பு மாத்திரைக்கோ அசிடிட்டி மருந்துக்கோ 2 மணி நேரம் முன்பு, அல்லது 6 மணி நேரம் கழித்துச் சாப்பிடுங்கள்.

டாக்சிசைக்ளின் என்றால் ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு, அரை மணி நேரமாவது படுக்காமல் இருங்கள். உணவுக்குழாயில் ஒட்டினால் புண்ணாகிவிடும். வெயிலிலும் கவனமாக இருக்க வேண்டும், தோல் சீக்கிரம் கருகும். அமாக்சிசிலினும் கிளாவுலனிக் அமிலமும் சேர்ந்த மாத்திரையைச் சாப்பாடு தொடங்கும்போதே போட்டுக்கொண்டால் வயிறு அவ்வளவாகத் தொந்தரவு செய்யாது. மெட்ரோனிடசோல் எடுக்கும்போதும், முடிந்து 3 நாள் வரையிலும் மது கூடவே கூடாது.

படி 4: குழந்தைக்குப் பவுடர் சிரப் என்றால்

பாட்டிலைத் தட்டிப் பவுடரை உதிர்த்துவிட்டு, கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரைக் கோட்டுக்குக் கொஞ்சம் கீழே வரை ஊற்றிக் குலுக்குங்கள். நுரை அடங்கியதும் கோடு வரை நிரப்புங்கள். ஒவ்வொரு முறையும் குலுக்கிய பிறகே கொடுக்க வேண்டும். சமையலறை ஸ்பூன்கள் அளவில் மாறும், கூடவே வரும் மூடி அல்லது சிரிஞ்சால்தான் அளக்க வேண்டும். கலக்கிய மருந்து சில நாட்களுக்குத்தான் தாங்கும். எத்தனை நாள், ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டுமா என்பது லேபிளில் இருக்கும்.

படி 5: ஒரு வேளை மறந்துவிட்டால்

நினைவு வந்ததும் சாப்பிடுங்கள். அடுத்த வேளை நெருங்கிவிட்டதா? விட்டுவிடுங்கள். இரண்டாகச் சேர்த்துப் போடாதீர்கள்.

படி 6: காய்ச்சல் விட்டதும் நிறுத்தலாமா?

நீங்களாக நிறுத்தாதீர்கள். பெனிசிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃபிளெமிங் 1945-ல் தம் நோபல் உரையிலேயே, குறைந்த அளவில் மருந்தைக் கொடுத்தால் கிருமிகள் அதை எதிர்க்கப் பழகிவிடும் என்று எச்சரித்தார். சில தொற்றுகளுக்குக் குறைந்த நாட்களே போதும் என்பதும் இப்போது தெரிந்திருக்கிறது. ஆனால் எது அப்படிப்பட்டது என்று சொல்ல வேண்டியவர் டாக்டர். மிச்சமானதை அடுத்த காய்ச்சலுக்கென்று எடுத்துவைக்க வேண்டாம்.

படி 7: எப்போது உடனே உதவி தேவை

லேசான குமட்டல், வயிற்றுப்போக்கு வருவது சகஜம். உதடு அல்லது நாக்கு வீங்கினால், மூச்சு வாங்கினால், உடம்பெங்கும் தடித்தால் அடுத்த மாத்திரையைப் போடாமல் உடனே அவசர சிகிச்சைக்குப் போங்கள். சிப்ரோஃப்ளாக்சசின் எடுக்கும்போது குதிகால் தசைநாண் (தசையை எலும்போடு இணைக்கும் நார்) வலித்தால் நிறுத்திவிட்டு டாக்டரை அழையுங்கள். இரண்டு மூன்று நாளாகியும் எந்த முன்னேற்றமும் இல்லையென்றாலும் அழைக்க வேண்டும்.

அப்புறம், கோர்ஸ் முடிந்து சில வாரங்கள் கழித்தும்கூடக் கடுமையான வயிற்றுப்போக்கோ மலத்தில் ரத்தமோ வரலாம். குடலில் வேறொரு பாக்டீரியா பெருகியிருப்பது காரணமாக இருக்கக்கூடும். கடையில் கேட்டு வயிற்றுப்போக்கை நிறுத்தும் மாத்திரை போடாமல் டாக்டரிடம் போங்கள், எந்த ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.