தென்னாப்பிரிக்காவில் மேற்படிப்பு: எதை முதலில் செய்வது?

வெளிநாட்டில் படிக்க நினைப்பவர்களின் பட்டியலில் தென்னாப்பிரிக்கா பெரும்பாலும் இருப்பதில்லை. இயற்பியல் படித்துவிட்டு வானியல் பக்கம் போக ஆசைப்படுபவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டிய நாடு அது. மீர்காட் ரேடியோ தொலைநோக்கியின் 64 ஆன்டெனாக்களும் அங்கே கரூ வறண்ட நிலத்தில்தான் நிற்கின்றன. கேப் டவுன், விட்ஸ் போன்ற பல்கலைக்கழகங்களில் வகுப்புகள் ஆங்கிலத்திலேயே நடக்கும். எந்த வேலையை எப்போது செய்வது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். அதனால் வரிசையாகவே சொல்கிறேன்.

படி 1: எந்த நிலையில் சேர்வது

அங்கே இளங்கலை மூன்று ஆண்டு, பிறகு ஹானர்ஸ் என்று ஓராண்டு, அதன் பின்புதான் முதுகலை. மூன்றாண்டு பி.எஸ்சி. வைத்திருப்பவரைப் பெரும்பாலும் ஹானர்ஸில்தான் சேரச் சொல்வார்கள். ஓராண்டு வீணாகிறதே என்று நினைக்காதீர்கள். பாடங்களோடு ஒரு சிறு ஆய்வும் செய்ய வைக்கும் படிப்பு அது. முதுகலை பல துறைகளில் முழுக்க ஆய்வேடுதான் என்பதால் இந்தப் பயிற்சி மிகவும் உதவும்.

முதுகலைக்குப் போகிறவர்கள் வழிகாட்டிப் பேராசிரியரை முன்பே தேட வேண்டும். ஒரே மெயிலை இருபது பேருக்கு அனுப்பினால் பதில் வராது. அவருடைய அண்மைக் கட்டுரை ஒன்றைப் படித்து, அதில் எந்தப் பகுதி உங்களை ஈர்த்தது, உங்களுக்கு என்ன தெரியும் என்று நான்கைந்து வரியில் எழுதுங்கள்.

படி 2: தேதி

கல்வியாண்டு பிப்ரவரி வாக்கில் தொடங்கும். பல இடங்களில் விண்ணப்பம் முந்தைய ஆண்டு ஜூலை முதல் செப்டம்பருக்குள் முடிந்துவிடும். ரிசல்ட் வரட்டும் என்று காத்திருக்காமல், கடைசி செமஸ்டரிலேயே வேலையைத் தொடங்குங்கள்.

படி 3: பட்டத்துக்கு மதிப்பீடு

வெளிநாட்டுப் பட்டங்களை மதிப்பிடுவது சாக்வா என்ற அரசு அமைப்பு. பல பல்கலைக்கழகங்கள் இந்த மதிப்பீட்டைக் கேட்கும். நீங்கள் படித்த பல்கலைக்கழகத்திடமும் சரிபார்ப்பார்கள், அங்கிருந்து பதில் வரத் தாமதமாகலாம். டிரான்ஸ்கிரிப்ட்டுக்கு (எல்லா செமஸ்டர் மதிப்பெண்களும் அடங்கிய சான்று) அங்கே இப்போதே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

படி 4: விசா

சேர்க்கைக் கடிதம் கைக்கு வந்ததும், விசா விண்ணப்பங்களை வாங்கும் வி.எஃப்.எஸ். மையத்தில் மாணவர் விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். பணம் இருப்பதற்கான சான்று, மருத்துவச் சான்று, பாஸ்போர்ட் அலுவலகம் தரும் போலீஸ் கிளியரன்ஸ் எல்லாம் கேட்பார்கள். மருத்துவச் சான்றும் போலீஸ் கிளியரன்ஸும் ஆறு மாதத்துக்கு மேல் பழையதாக இருக்கக்கூடாது. அதனால் இவற்றை ரொம்ப முன்னாலேயே வாங்கி வைத்துப் பயனில்லை.

இதில் கவனமாக இருக்க வேண்டியது மருத்துவக் காப்பீடு. இங்கே வாங்கும் டிராவல் இன்ஷூரன்ஸ் செல்லாது. தென்னாப்பிரிக்காவில் பதிவு பெற்ற மெடிக்கல் ஸ்கீம் (அந்நாட்டு மருத்துவக் காப்பீட்டுத் திட்டம்) ஒன்றில் உறுப்பினராக வேண்டும். பெரும்பாலும் ஓராண்டுத் தொகையை முன்கூட்டியே கட்டச் சொல்வார்கள். செலவுக் கணக்குப் போடும்போது கல்விக் கட்டணத்துக்கு அடுத்த வரியிலேயே இதை எழுதிக்கொள்ளுங்கள்.

அப்புறம் டிக்கெட். அடிஸ் அபாபா, நைரோபி போன்ற மஞ்சள் காய்ச்சல் பகுதி விமான நிலையங்களில் 12 மணி நேரத்துக்கு மேல் காத்திருந்து போனால் தடுப்பூசிச் சான்று வேண்டும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் ஊசி போடுவார்கள். பயணத்துக்குப் பத்து நாள் முன்பாவது போட்டால்தான் சான்று செல்லும்.

படி 5: பெட்டி கட்டுவது

ஜூன், ஜூலை அங்கே குளிர்காலம். பல வீடுகளில் ஹீட்டர் வசதி இருக்காது, நல்ல ஸ்வெட்டர் வேண்டும். நம் வீட்டில் ஏ.சி.க்கும் கீஸருக்கும் இருக்கும் பெரிய மூன்று முள் பிளக் அங்குள்ள பழைய சாக்கெட்டுகளில் அப்படியே பொருந்தும். அந்தப் பிளக் போட்ட எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்று எடுத்துப் போனால் லேப்டாப், செல்போன் இரண்டுக்கும் போதும்.

டர்பனில் இடம் கிடைத்தால் தயங்காமல் போங்கள். 1860-ல் மதராஸிலிருந்து ட்ரூரோ கப்பலில் கரும்புத் தோட்ட வேலைக்குப் போனவர்களின் வழிவந்த தமிழர்கள் வாழும் ஊர் அது. மாரியம்மன் கோயிலும் உண்டு, தைப்பூசக் காவடியும் உண்டு. எந்த நகரமானாலும் இருட்டிய பிறகு தனியாக நடக்காதீர்கள், கார் புக் செய்துகொள்ளுங்கள்.

படி 6: போய்ச் சேர்ந்த பிறகு

மாணவர் விசாவில் வாரத்துக்கு 20 மணி நேரம் வரை பகுதிநேர வேலை பார்க்கலாம். படிப்பு நீண்டால், விசா முடிய 60 நாள் இருக்கும்போதே நீட்டிப்புக்கு விண்ணப்பித்திருக்க வேண்டும். அந்தத் தேதியைச் செல்போன் காலண்டரில் இன்றே போட்டு வையுங்கள்.