தலையால் அளந்து ஆளைக் கீறுங்கள்

சித்திரப் பாடத்துக்குப் பிள்ளைகள் கீறும் நல்லூர்த் திருவிழாப் படங்களைப் பார்த்தால், தேர் நன்றாக வந்திருக்கும், சனம்தான் சரிவராது. பெரிய தலை, கட்டைக் கால், அம்மாவின் கையைப் பிடித்து நிற்கிற குழந்தை அம்மாவையே சுருக்கி வைத்த மாதிரி. முகத்தை ஆசையாகக் கீறி முடித்துவிட்டு மிச்சமுள்ள கடதாசிக்குள் உடம்பை அடைத்தால் அப்படித்தான் வரும்.

முதலில் ஆளின் உச்சியும் பாதமும் எங்கே வரவேண்டும் என்று இரண்டு கோடு போடுங்கள். உச்சியிலிருந்து நாடி வரை ஒரு தலை. வளர்ந்த ஆள் பெரும்பாலும் ஏழரைத் தலை உயரம், ஆனால் பழகும்போது எட்டு என்றே வையுங்கள், ஒரு கடதாசித் துண்டை அந்த உயரத்துக்கு வெட்டி மூன்று தரம் மடித்தால் எட்டுப் பங்கு வந்துவிடும், அடிமட்டமே தேவையில்லை. மடிப்பு விழுந்த இடங்களில் கோடு போட்டு, நாடிக்கோட்டை ஒன்று என்று மேலிருந்து எண்ணுங்கள்: இரண்டாம் கோட்டில் மார்பு, மூன்றில் தொப்புள், நாலில் கவட்டு, ஆறில் முழங்காலின் அடி.

இதில் எல்லாரும் சறுக்குவது நாலாம் கோட்டில். நம்மாட்கள் வேட்டியோ சேலையோ கட்டியிருந்தால் கவட்டு கண்ணுக்குத் தெரியாது, உடுப்புக் கட்டிய இடுப்பையே உடம்பின் பாதி என்று எடுத்துக்கொள்கிறோம். உண்மையான பாதி அதற்கு ஏறக்குறைய ஒரு தலை கீழே இருக்கிறது. எப்படிக் கண்டுபிடிப்பது? தொங்கவிட்ட கையின் மணிக்கட்டைப் பாருங்கள், அது அநேகமாகப் பாதி உயரத்தில்தான் நிற்கும். விரல் நுனி நடுத்தொடை வரை போகும். கையைச் சின்னதாகக் கீறுகிற பழக்கமும் இருக்கிறது. உங்கள் உள்ளங்கையை நாடியில் வைத்து விரித்துப் பாருங்கள், விரல் நெற்றிக்குப் போய்விடும்.

கண் தலையின் சரிபாதியில். நம்பமாட்டீர்கள், அளந்து பாருங்கோ.

குழந்தைக்கு இந்தக் கணக்கு ஒன்றும் செல்லாது. பிறந்த குழந்தை நாலு தலைதான், அதன் பாதி உயரம் தொப்புளுக்குக் கிட்ட வரும். பிறகு தலை கொஞ்சம்தான் வளரும், கால்தான் நீளும், அதனால் நாலைந்து வயதில் ஐந்து தலையைத் தாண்டும். வயதைக் காட்டுவது இந்த விகிதம்தான், மீசையோ நரையோ அதற்குப் பிறகு.

கோயில் சிற்பம் செய்கிறவர்களுக்கும் இப்படி ஒரு கணக்கு உண்டு, தாளம் என்பார்கள். பெரிய தெய்வங்களுக்கு உத்தம தசதாளம், அதாவது பத்துத் தாளத்தில் உயர்ந்த வகை, மொத்தம் 124 அங்குலம் (இது அடிமட்டத்து அங்குலம் இல்லை, சிலையின் உயரத்தைப் பங்கிட்டு எடுக்கிற சின்ன அளவு). பிள்ளையாருக்குப் பஞ்சதாளம், அதாவது ஐந்து தாளம், அந்தக் குள்ள உருவம் அதனால் வருவதுதான். தாளம் முகத்தை வைத்து எண்ணுவது, மயிர்க்கோட்டிலிருந்து நாடி வரை. ஆகவே தசதாளம் என்றால் பத்துத் தலை என்று கீறிவிடாதீர்கள், ஒட்டகச்சிவிங்கி மாதிரிப் போய்விடும்.

சரி, உட்கார்ந்திருக்கிற ஆளுக்கு? பஸ் நிலையத்தில் வாங்கில் இருக்கிறவரை முன்னால் நின்று பார்த்தால் தொடை காணாமல் போகும், எட்டுக் கோடு உதவாது. கையை முழுக்க நீட்டி, முழங்கையை மடக்காமல், ஒரு கண்ணை மூடி, பென்சில் நுனியை அவர் உச்சியிலும் பெருவிரலை நாடியிலும் பிடியுங்கள். அதே அளவை அப்படியே கீழே இறக்கி, இருக்கிற உயரத்தில் எத்தனை தலை என்று எண்ணுங்கள். முழங்கை கொஞ்சம் மடங்கினாலும் அளவு மாறிவிடும், அப்புறம் அழிறப்பர்தான் தேயும்.