தற்காப்புக்கு எந்தக் கலை? வகுப்பை உட்கார்ந்து பார்த்து முடிவு செய்யும் முறை

ஏழு மாதம் கராத்தே கற்ற பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பியிடம் என் மணிக்கட்டைப் பிடிக்கச் சொன்னேன். வகுப்பில் நூறு தடவைக்கு மேல் செய்த விடுவிப்புதான். பிடித்தவரின் கட்டைவிரல் இருக்கும் பக்கமாகக் கையைத் திருப்பி இழுத்தால் பிடி விட்டுவிடும். அன்று விடவில்லை. மூன்று முறை முயன்றேன். "அக்கா, நான் இன்னும் அழுத்திப் பிடிக்கவே இல்ல" என்றான்.

நான் வகுப்பில் சேர்ந்ததே அப்படி ஒரு பிடியால்தான். மாலை ஷிஃப்ட் முடிந்து புறநகர் ரயில் நிலையப் படிக்கட்டில் இறங்கும்போது ஒருவன் பையோடு சேர்த்து என் கையைப் பற்றினான். ஆள் வரும் சத்தம் கேட்டு அவனாகவே விட்டுவிட்டு ஓடினான். எனக்குக் குரல்கூட வரவில்லை. அதற்காகப் போய்ச் சேர்ந்து, இரண்டு பெல்ட் வாங்கிய பிறகும் அதே பிடியில் அதே நிலை என்றால் எப்படி இருக்கும்? இரண்டு நாள் தூங்கவில்லை. அப்புறம் எங்கள் பகுதியிலும் சுற்றுப்புறத்திலும் எட்டு வகுப்புகளை நேரில் போய்ப் பார்த்தேன். இப்போது மூன்றாவது வருடமாக ஜூடோ, வாரத்தில் ஒரு நாள் பாக்ஸிங். தேடிய வழியை அப்படியே எழுதுகிறேன்.

படி 1: எதற்குப் பயப்படுகிறீர்கள் என்று எழுதுங்கள்

ஒரு தாளில் நான்கைந்து வரி போதும். என் தாளில் இருந்தவை: கையைப் பிடிப்பது, பையை இழுப்பது, பின்னாலிருந்து துப்பட்டாவைப் பற்றுவது, சுவரோடு சேர்த்துத் தள்ளுவது. எல்லாமே பிடியில் தொடங்குகின்றன. இரவில் வண்டி ஓட்டும் ஒருவரின் தாளில் முகத்தில் விழும் குத்துதான் முதலில் வரும். அவருக்கான கலை வேறு.

உங்கள் தாளில் இருப்பது வீட்டுக்குள் இருக்கும் ஒருவர் என்றாலோ, தினமும் பின்தொடரும் ஒருவர் என்றாலோ, வகுப்புக்காகக் காத்திருக்க வேண்டாம். 112 அவசர அழைப்பு. 181 பெண்களுக்கான உதவி எண். இரண்டையும் இப்போதே போனில் பதிந்துவிடுங்கள்.

படி 2: பட்டியலைச் சுருக்குங்கள்

பிடித்தல், தள்ளுதல், கீழே விழுதல் என்றால் ஜூடோ, மல்யுத்தம், பிரேசிலியன் ஜியு-ஜிட்சு. குத்து, உதை என்றால் பாக்ஸிங், முவாய் தாய், கியோகுஷின் போல உடலில் முழு பலத்தோடு அடித்துப் பயிலும் கராத்தே. என் ஓட்டு ஜூடோவுக்கு. உடையைப் பிடித்து இழுப்பவரோடு முதல் நாளிலிருந்தே பழகுகிறோம். விழுவதற்குத் தனியாகச் சொல்லித் தருகிறார்கள். மழைக்காலத்தில் படிக்கட்டில் வழுக்கியபோது அந்த விழும் பயிற்சிதான் என் தலையைக் காப்பாற்றியது.

சிலம்பம் எனக்கு மிகவும் பிடிக்கும். நெற்றி உயரக் கம்பு ஏந்தி, சுவடு மாற்றி மாற்றி நகரும் அந்தக் கால்வேலை எந்தக் கலைக்கும் உதவும். ஆனால் ரயிலில் கம்பு கையில் இருக்காது. ஆகவே சிலம்ப வகுப்பில் சேர்ந்தால் குத்துவரிசையும் பிடிவரிசையும் சேர்த்துக் கற்றுத் தருகிறாரா என்று ஆசானிடம் கேளுங்கள். டேக்வாண்டோ 2000 சிட்னியிலிருந்து ஒலிம்பிக் பதக்க விளையாட்டு. உதை அபாரம், போட்டி விதிகளில் முகத்தில் கையால் குத்த முடியாது என்பதால் கையைத் தாழ்த்தியே நிற்கும் பழக்கம் வந்துவிடும், கவனம். கிராவ் மகா இஸ்ரேல் ராணுவத்திலிருந்து வந்தது. யார் கற்றுத் தருகிறார் என்பதைப் பொறுத்து மிக நன்றாகவும் இருக்கும், வெறும் நடிப்பாகவும் இருக்கும்.

படி 3: சேரும் முன் ஒரு வகுப்பு முழுவதையும் உட்கார்ந்து பாருங்கள்

நான் சறுக்கியது இங்கேதான். முதல் வகுப்பில் சேர்ந்தபோது சுவரில் இருந்த சான்றிதழ்களையும் வரிசையாக நின்ற வெள்ளை உடைகளையும் பார்த்தேன். பயிற்சியைப் பார்க்கவில்லை. முன்பே வகுத்த அசைவுகளை வரிசையாகச் செய்யும் கட்டா அழகாக இருந்தது. இருவராகச் செய்தபோது எதிரே நிற்பவர் ஒரே ஒரு குத்து விட்டு, கையை நீட்டியபடியே சிலையாக நிற்பார். நான் தடுத்து, திருப்பி, அடிப்பது போலக் காட்டுவேன். பிடியும் அப்படித்தான். நான் திருப்பியதும் அவர் விட்டுவிடுவார். ஏழு மாதமும் யாரும் என்னை எதிர்க்கவே இல்லை. இது கராத்தேயின் குறை இல்லை. நன்றாக மோதிப் பயிலும் கராத்தே வகுப்பையும் பிறகு பார்த்தேன்; நேரம் ஒத்துவந்திருந்தால் அங்கேயே சேர்ந்திருப்பேன்.

ஆகவே போனில் டைமரை வைத்துக்கொண்டு ஓரமாக உட்காருங்கள். ஒரு மணி நேர வகுப்பில், அடுத்து என்ன வரும் என்று இருவருக்குமே தெரியாமல் பயிலும் நேரம் எத்தனை நிமிடம்? ஜூடோவில் ராண்டோரி, கராத்தேயில் குமிட்டே, மற்ற இடங்களில் ஸ்பாரிங். பெயர் எதுவாகவும் இருக்கட்டும். பதினைந்து நிமிடமாவது இருக்க வேண்டும் என்பது என் கணக்கு. புதிதாகச் சேர்ந்தவர்களை முதல் சில வாரம் அதில் விடமாட்டார்கள், அது சரிதான். பழைய மாணவர்களைக் கவனியுங்கள். அவர்கள் சில சமயம் தோற்கிறார்களா? பலசாலி தன் பலத்தை அடக்கி எளியவரோடு பயில்கிறாரா? யாராவது "போதும்" என்று தட்டினால் அந்த நொடியே விடுகிறார்களா?

மூன்று இடங்களில் ஒரே பதிலைக் கேட்டேன்: "எங்க அடி உயிரையே எடுத்துடும்மா, அதனால ஸ்பாரிங் வைக்கிறதில்லை." இதற்கு எனக்குப் பதில் கிடைத்தது ஜூடோவின் வரலாற்றில். ஜூடோவை உருவாக்கிய ஜிகோரோ கானோ 1882-ல் டோக்கியோவில் கோடோகான் என்ற தன் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கியபோது, ஜப்பானின் பழைய தற்காப்புக் கலையான ஜியுஜுட்சுவின் ஆபத்தான அடிகளை ராண்டோரியிலிருந்து விலக்கி, கட்டாவில் மட்டும் வைத்தார். அதனால்தான் எஞ்சிய எறிதலையும் பிடியையும் முழு பலத்தோடு, எதிர்ப்பவர் மேல், தினமும் செய்து பார்க்க முடிந்தது. எதிர்ப்பவர் மேல் ஒருமுறைகூடச் செய்து பார்க்காத அடி, தேவைப்படும் நேரத்தில் கைக்கு வரும் என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை.

கத்தியைப் பிடுங்குவதை எளிதாகச் செய்துகாட்டும் இடங்களும் உண்டு. வீட்டில் பழைய வெள்ளை பனியனைப் போட்டுக்கொண்டு, யாரிடமாவது ஒரு ஸ்கெட்ச் பேனா கொடுத்து, கத்தி போல வேகமாகக் குத்தச் சொல்லுங்கள். கண்ணுக்குக் கண்ணாடி மாட்டிக்கொள்ளுங்கள். அரை நிமிடத்தில் பனியனில் விழும் கோடுகளை எண்ணிப் பாருங்கள். பையைக் கொடுத்துவிட்டு ஓடுவதை முதலில் சொல்லித் தரும் மாஸ்டரை நம்பலாம்.

பெண்களுக்கு இன்னொன்று. தொட்டுத் திருத்தும் முன் மாஸ்டர் கேட்கிறாரா என்று பாருங்கள். வகுப்பில் இருக்கும் பெண்ணிடம் தனியாகப் பேசுங்கள். மனதுக்கு உறுத்தினால் காரணம் தேடாமல் எழுந்து வந்துவிடுங்கள்.

படி 4: பணமும் பொருளும்

ஒரு வருடக் கட்டணத்தை மொத்தமாகக் கட்டாதீர்கள். மாதாமாதம் கட்டுங்கள். முதல் மாதம் எந்தப் பொருளும் வாங்க வேண்டாம், ஒன்றைத் தவிர: பல் காப்பு. வெந்நீரில் போட்டுக் கடித்து உங்கள் பல்வரிசைக்கு ஏற்ப அமைக்கும் வகை போதும். பாக்ஸிங் என்றால் கைக்கட்டுத் துணி 4.5 மீட்டர் நீளம் வாங்குங்கள். குட்டையானது மணிக்கட்டுக்குப் போதாது. கிளவுஸ் வெல்க்ரோ வகையே நல்லது, கயிறு வகையைத் தனியாகக் கட்ட முடியாது. ஸ்பாரிங்கிற்கு 14 அல்லது 16 அவுன்ஸ்.

படி 5: சட்டம்

2024 ஜூலை 1 முதல் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா இருக்கிறது. அதில் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் தற்காப்பு உரிமையைச் சொல்கின்றன. காத்துக்கொள்ளத் தேவையான அளவுக்கு மேல் காயப்படுத்த அந்த உரிமை இடம் தரவில்லை. தாக்கியவன் ஓடி, ஆபத்து நீங்கிய பிறகு துரத்திப் போய் அடித்தால் அது தற்காப்பு ஆகாது.

பின்சேர்க்கை 1: "எங்கள் ஊரில் ஒரே ஒரு வகுப்புதான், ஸ்பாரிங் இல்லை, என்ன செய்வது?" என்று பலர் கேட்டிருக்கிறார்கள். அங்கேயே சேருங்கள். வகுப்பில் இருக்கும் ஒருவரோடு பேசி, முடிந்ததும் பத்து நிமிடம் தனியாகப் பயிலுங்கள். மணிக்கட்டுப் பிடி மட்டும். முதலில் பாதிப் பலம், போகப் போக முழுப் பலம். அடி வேண்டாம், எறிதல் வேண்டவே வேண்டாம், மேட் இல்லாமல் கழுத்துக்கு ஆபத்து. என் தம்பியோடு இதைச் செய்துதான் நான் செய்த தவறு புரிந்தது: கையால் மட்டும் இழுத்துக்கொண்டிருந்தேன். ஒரு அடி நெருங்கி, முழங்கையை அவன் பக்கம் மடக்கி, இடுப்போடு சேர்த்துத் திரும்பினால் அவன் முழு பலத்தோடு பிடித்தாலும் பத்தில் ஆறு தடவை விட்டுவிடுகிறது.

பின்சேர்க்கை 2: முழங்கால் வலி உள்ள 48 வயது வாசகி ஜூடோ சரிவருமா என்று கேட்டார். முதலில் மருத்துவரைக் கேளுங்கள். நானாக இருந்தால் பேட் அடிக்கும் பாக்ஸிங்கில் தொடங்குவேன்.

பின்சேர்க்கை 3: யாராவது பிடித்தால் பயத்தில் உறைந்துபோவது நின்றுவிட்டதா என்று ஒருவர் கேட்டார். ராண்டோரியில் முதல் மூன்று வாரம் அப்படியேதான் உறைந்தேன், மூச்சைக்கூடப் பிடித்துக்கொண்டேன். யாரோ ஒருவர் தினமும் சட்டையைப் பற்றி இழுக்க இழுக்க, இரண்டு மாதத்தில் உடம்பு தானாக நகரத் தொடங்கியது. குரல் மட்டும் வரவில்லை. அதை எந்த வகுப்பிலும் சொல்லித் தரவில்லை. மொட்டைமாடியில் தம்பி கையைப் பிடிக்க, வயிற்றிலிருந்து "விடு!" என்று கத்திப் பழகினேன். பக்கத்து வீட்டில் முன்பே சொல்லிவிட்டுச் செய்யுங்கள். நான் சொல்லாமல் செய்தேன். எதிர்வீட்டு அக்கா கையில் துடைப்பத்தோடு ஓடி வந்துவிட்டார். இப்போது செவ்வாய்க்கிழமை மாலைகளில் அவரும் மாடிக்கு வருகிறார், மகளோடு.