சிறுநீரகக் கட்டி எந்த வகை? இம்யூனோ ஸ்லைடைப் படிக்கும் முறை

ஒரு புரதம் திசுவில் எங்கே இருக்கிறது என்பதை ஆன்டிபாடி மூலம் பழுப்பு நிறமாகக் காட்டுவதுதான் இம்யூனோ ஸ்லைடு. அதைப் பார்க்கத் தொடங்கும்போது "பாசிட்டிவா, நெகட்டிவா?" என்று மட்டும் கேட்டால் போதாது. பழுப்பு நிறம் செல்லின் எந்த இடத்தில் ஏறியிருக்கிறது, எத்தனை செல்களில் ஏறியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். வகையைப் பிரித்துத் தருவது அதுதான்.

படி 1: பிளாக் (மெழுகில் பதித்த திசு) தேர்வு
வழக்கமான சாயமேற்றிய ஹெச் அண்ட் இ ஸ்லைடைப் பார்த்து இரண்டு மூன்று வகைகளாகச் சுருக்கிய பிறகே ஆன்டிபாடி கேளுங்கள். நெக்ரோசிஸ் (செல்கள் செத்த பகுதி) இல்லாத, ஓரத்தில் கொஞ்சம் இயல்பான சிறுநீரகமும் உள்ள பிளாக் நல்லது.

படி 2: சாயமேற்றுதல்
3–4 மைக்ரான் தடிமனில் வெட்டி, சார்ஜ்டு ஸ்லைடில் (திசு நன்றாக ஒட்டும் மின்னூட்டமுள்ள கண்ணாடியில்) ஏற்றி, 60 டிகிரியில் 1 மணி நேரம் வையுங்கள். மெழுகை நீக்கியபின் பிஎச் 9 ட்ரிஸ்-இடிடிஏ பஃபரில் 95–98 டிகிரியில் 20 நிமிடம். அதே பஃபரில் 20 நிமிடம் ஆறட்டும். அவசரப்பட்டுச் சூட்டோடு எடுத்தால் திசு கழன்றுவிடும். பிறகு 3% ஹைட்ரஜன் பெராக்சைடு 10 நிமிடம், ஆன்டிபாடி 30–60 நிமிடம், பாலிமர் (ஆன்டிபாடியோடு ஒட்டி நொதியைக் கொண்டுவருவது) 30 நிமிடம், டிஏபி (பழுப்பு நிறம் தருவது) 5 நிமிடம், கடைசியாக ஹீமடாக்சிலின் (நியூக்ளியஸை நீலமாக்குவது). ஆன்டிபாடியின் குளோனுக்குக் குளோன் (வகைக்கு வகை) நேரமும் பஃபரும் மாறும். கிட்டோடு வரும் தாளைப் பாருங்கள்.

சிறுநீரக டியூபுல்களில் (நுண்குழாய்களில்) இயல்பாகவே பயோட்டின் என்ற வைட்டமின் அதிகம். அதோடு ஒட்டும் அவிடின்-பயோட்டின் கிட்டைப் போட்டால் ஆன்டிபாடி ஒட்டாத இடமும் பழுப்பாகலாம். அதனால்தான் பாலிமர் கிட்.

படி 3: கன்ட்ரோல்
சாயம் சரியாக ஏறியதா என்று காட்டும் தெரிந்த திசுதான் கன்ட்ரோல். பாக்ஸ்-8, சிடி-117, சிஏ-9, சிகே-7, ஏஎம்ஏசிஆர் எல்லாம் ஆன்டிபாடி தேடும் புரதங்களின் பெயர்கள். பாக்ஸ்-8க்கு இயல்பான டியூபுல் நியூக்ளியஸ் பழுப்பாக வேண்டும். சிடி-117க்கு மாஸ்ட் செல்களை (ஒரு வகை நோயெதிர்ப்பு செல்களை) தேடுங்கள். அவையே வெளுத்திருந்தால் கட்டியின் "நெகட்டிவ்" செல்லாது. சிஏ-9 இயல்பான சிறுநீரகத்தில் ஏறாது. இரைப்பைச் சளிச்சவ்வைத் தனிக் கன்ட்ரோலாக வையுங்கள்.

படி 4: படித்தல்
கிளியர் செல் கார்சினோமாவில் (ஒரு வகைச் சிறுநீரகப் புற்றுநோயில்) சிஏ-9 செல்லின் நான்கு பக்கச் சவ்விலும் பெட்டி வரைந்ததுபோல் ஏறும். சிகே-7 பெரும்பாலும் இருக்காது. கிளியர் செல் பாப்பிலரி கட்டியில் சிஏ-9 லூமன் (குழாயின் உள்வெளி) பக்கம் மட்டும் விட்டுப்போய்க் கிண்ணம்போல் தெரியும். சிகே-7 பரவலாக ஏறும். இந்தப் பிரிவினை நோயாளிக்கு மிக முக்கியம். இரண்டாவது மெதுவாக வளர்வது. 2022 உலகச் சுகாதார நிறுவன வகைப்பாட்டில் அதன் பெயரிலிருந்து "கார்சினோமா"வே எடுக்கப்பட்டுவிட்டது.

பாப்பிலரி கார்சினோமாவில் ஏஎம்ஏசிஆர் சைட்டோபிளாசத்தில் பொடிப்பொடியாக, அழுத்தமாக வரும். சிகே-7உம் பெரும்பாலும் கூடவே வரும்.

குரோமோஃபோப் (புற்றுநோய்), ஆன்கோசைட்டோமா (புற்றுநோயல்லாத கட்டி) இரண்டிலும் சிடி-117 ஏறும். பிரிப்பது சிகே-7: முன்னதில் பொதுவாகப் பரவலாக, பின்னதில் அங்கொன்றும் இங்கொன்றுமாக.

ஏமாறும் இடங்கள்
நெக்ரோசிஸ் ஓரத்தில் ஆக்சிஜன் குறைவதால் எந்தக் கட்டியிலும் சிஏ-9 ஏறலாம். அந்த விளிம்பைக் கணக்கில் எடுக்காதீர்கள். ஆன்கோசைட்டோமாவின் நடுத்தழும்பில் சிக்கிய செல்களிலும் சிகே-7 கூடுதலாகத் தெரியும். ஊசி பயாப்சி அந்த இடத்திலிருந்து வந்திருந்தால் குரோமோஃபோப் என்று எழுதிவிட வாய்ப்புண்டு. தழும்பை விட்டுத் தள்ளியுள்ள செல்களில் சிகே-7 ஏறியவற்றை எண்ணுங்கள்.